அடுப்படிக்கு வந்த கருவிகள்: எது தங்கும், எது பரணுக்குப் போகும்?

இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதைநேர்த்தியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டு அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறேன். "அடுப்படிக்கும் வெள்ளாமைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நமது திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே இது கல் கொத்திய ஊர். ஊரை ஒட்டிய ஓவாமலைக் குகையில் சமண முனிவர்கள் படுக்கக் கல்லைச் செதுக்கிப் படுக்கை போட்டிருக்கிறார்கள். அதைக் கொத்துவித்தவர் பெயரையும் அங்கேயே பழைய தமிழி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய சங்கதி அது.

அப்படிக் கல்லோடு பழகிய நம்மவர்கள் வீட்டுக்குள்ளும் கல்லையே கொண்டு வந்து வைத்தார்கள். நெல் குத்த உரல். மாவாட்ட ஆட்டுரல். மசாலா அரைக்க அம்மி. பயறு உடைக்கத் திருகை. இந்த நாலும் இருந்தால் வீடு நிறைந்த வீடு. "அம்மி கொத்தணுமா, ஆட்டுரல் கொத்தணுமா" என்று உளியும் சுத்தியலுமாகத் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவரைப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் கல் நன்றாக உழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கல் தானாக உழைக்காது. அதைச் சுற்றியது யார்? நம் தாயும் தாரமும் மகளும்தான். ஒரு படி அரிசி, கால்படி உளுந்து ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். என் தாயார் பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்து, ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டுரல் முன்னால் உட்காருவார்கள். மறுநாள் நாங்கள் இட்லி தின்போம். அந்தத் தோள்வலியைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

அந்த நாலு கல்லும் ஒவ்வொன்றாக வேலையை விட்டு ஓய்ந்த கதையைத்தான் இப்போது சொல்கிறேன். அந்தக் கதையிலேயே, எந்தச் சாமானை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கும் பதில் இருக்கிறது.

முதலில் ஓய்ந்தது உரல். 1885-இல் பிரேசில் நாட்டில் எங்கெல்பர்க் என்பவர் உமி நீக்கும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நாம் 'ஹல்லர்' என்று சொல்கிறோமே, அதுதான். முதலில் எண்ணெய் எஞ்சினிலும் பிறகு மின்சாரத்திலும் ஓடி அது நம் ஊர்களுக்கு வந்தது. உலக்கை பிடித்த கை கொஞ்சம் ஓய்ந்தது. கூடவே மாவு மில்லும் வந்தது. திருகையும் மூலைக்குப் போனது.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். ஹல்லரை யாரும் வீட்டுக்கு ஒன்று வாங்கவில்லை. ஊருக்கு ஒன்று, சில இடங்களில் நாலு ஊருக்கு ஒன்று. நெல் குத்துவதும் மிளகாய் திரிப்பதும் தினசரி வேலை அல்ல. எப்போதாவது வருகிற வேலைக்குப் பொது எந்திரம் போதும், வீட்டில் பணத்தை முடக்க வேண்டியதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்த வேலை வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது?

அடுத்து ஆட்டுரல். இதன் கதை கோயம்புத்தூரில் நடந்தது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியதும் கோயம்புத்தூர்ப் பக்கம் மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகள் பெருகின. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு போன்றவர்கள் மின்மோட்டாரை அங்கேயே செய்து காட்டினார்கள். உங்கள் கிணற்றில் ஓடுகிற பம்புசெட் மோட்டாரில் பலதும் அந்த ஊர்ச் சரக்குதான்.

அந்தக் கோயம்புத்தூரிலே 1955-இல் பி. சபாபதி என்பவர் மோட்டாரை ஆட்டுரலோடு இணைத்தார். ஆட்டுரலில் குழி அசையாது. நம் கைதான் குழவியைச் சுற்றும். கிரைண்டரில் இது தலைகீழாகிவிட்டது. கல் பதித்த பாத்திரம் மோட்டாரால் சுற்றுகிறது. குழவியை ஒரு கம்பி பிடித்து நிறுத்தியிருக்கிறது. அரைப்பது அதே கல்தான். அதனால்தான் மாவு சூடேறாமல், பொங்கி, பஞ்சு மாதிரி வருகிறது. கல்லை விரட்டாமல், கையை மட்டும் விடுவித்தார்கள் பார்த்தீர்களா, அங்கேதான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். அந்தக் கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் பேர் போனது. 2005-06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் பக்கத்துக்கு மின்சாரம் எப்படி வந்தது தெரியுமா? மேலூர் தாலுகா வயல்களுக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீர், 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீர் மலையிலிருந்து கீழே இறங்குகிற லோயர் கேம்ப்பில் 1958-இல் மின்நிலையம் வந்தது. வயலுக்கு வருகிற தண்ணீரே வழியில் விளக்கையும் ஏற்றிவிட்டு வருகிறது!

மின்சாரம் ஊருக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்தோம்? கிணற்றிலே மோட்டார் போட்டோம். கமலையிலிருந்து மாடு விடுபட்டது. ரொம்ப நல்ல காரியம். ஆனால் ஆட்டுரலில் இருந்து அம்மா விடுபட இன்னும் எத்தனையோ வருடம் ஆனது. பல வீடுகளில் கிரைண்டர் வந்ததே மருமகள் கொண்டு வந்த சீர்வரிசையில்தான். மாட்டுக்குக் காட்டிய இரக்கத்தை வீட்டுப் பெண்ணுக்குக் காட்ட நாம் அத்தனை தாமதித்தோம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் உங்களில் ஒருவன்தான். என் வீட்டிலும் இதே கதைதான்.

"கரண்டு பில் என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் மேசைமேல் வைக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டரின் மோட்டார் சுமார் 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதிமூன்றில் ஒரு பங்குதான் செலவு. அதாவது ஒரு யூனிட் கரண்டில் பதிமூன்று தடவை மாவாட்டலாம். ஒரு மணி நேரத் தோள்வலிக்கு இது பெரிய விலையா? நீங்களே சொல்லுங்கள். ஆக, இரண்டாவது கேள்வி: இந்தச் சாமான் யாருடைய உடம்பு நோவைக் குறைக்கிறது?

மூன்றாவது அம்மி. வெளிநாட்டு மிக்சிகள் முன்பே இந்தியாவுக்கு வந்தன. பழச்சாறு அடிக்கவும் கேக்குக்கு மாவு கலக்கவும் செய்தவை அவை. நம் வீட்டு விரலி மஞ்சளையும் கொத்தமல்லி விதையையும் கொப்பரையையும் போட்டால் மோட்டார் கருகிப்போகும். பம்பாயிலே சத்திய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினியர் இருந்தார். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் நாட்டு மிக்சி அப்படித்தான் பழுதாகி நின்றது. நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரை நாமே செய்வோம் என்று இறங்கினார் மாத்தூர். 1963-இல் அதற்காகக் கம்பெனி தொடங்கினார். 'சுமீத்' மிக்சி பிறந்த கதை இதுதான். ஒரு காலத்தில் மிக்சி என்றாலே சுமீத் என்று சொல்லும்படி அது பரவியது.

இதில் படிக்க வேண்டிய பாடம்: வேறு நாட்டுச் சமையலுக்குச் செய்த சாமான் நம் சமையலுக்கு வராது. விளம்பரத்தில் வழுவழு என்று தக்காளியையும் வாழைப்பழத்தையும் அரைத்துக் காட்டுவார்கள். கடைக்காரரிடம், "அண்ணாச்சி, கொப்பரையும் மஞ்சளும் அரைச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி: இது நாம் தின்கிற சாப்பாட்டுக்குச் சரிப்படுமா?

அதற்காக அம்மியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2008 முதல் சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டி எடுத்ததே, அப்போது கொல்லையில் கிடந்த அம்மி மறுபடியும் உள்ளே வந்தது. கரண்டு இல்லாத ராத்திரிக்குத் துவையல் அரைக்க அதுவே துணை.

இனி அடுப்புக்கு வருவோம். அடுப்பைப் பற்றி இரண்டு கதை உண்டு. ஒன்று ஜெயித்த கதை, மற்றது தோற்ற கதை.

ஜெயித்தது பிரஷர் குக்கர். 1679-இல் டெனிஸ் பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் மூடியை இறுக்கி, நீராவியை அடைத்து வேக வைக்கும் பாத்திரத்தைச் செய்து காட்டினார். நீராவி வெடித்துவிடாமல் இருக்க எடை வைத்த ஒரு வால்வும் போட்டார். சங்கதி இவ்வளவுதான்: திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது. மூடி அழுத்தினால் சுமார் 120 டிகிரி வரை ஏறும். வேகாத துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் சீக்கிரம் வெந்துவிடும். விறகும் காஸும் மிச்சம்.

நம் நாட்டிலும் 1910-இலேயே கல்கத்தா டாக்டர் இந்துமாதவ் மல்லிக் அடுக்குப் பாத்திரத்தில் ஆவியால் வேக வைக்கும் 'இக்மிக் குக்கர்' செய்தார். பிறகு 1959-இல் பிரஸ்டீஜ், ஹாக்கின்ஸ் என்று இரண்டு குக்கர்கள் இந்தியாவிலேயே உற்பத்தியாகத் தொடங்கின. ஆரம்பத்தில் ஜனங்களுக்குப் பயம். "அது குண்டு மாதிரி வெடிக்கும்" என்றார்கள். பயப்பட வேண்டிய சாமான் அல்ல, பழக வேண்டிய சாமான். வெயிட் போடும் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று தினமும் ஊதிப் பாருங்கள். பாத்திரத்தை முழுக்க நிரப்பாதீர்கள். ரப்பர் வளையம் தளர்ந்தால் மாற்றுங்கள். ஆவி முழுதும் இறங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். 2021 முதல் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததைச் சந்தையில் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தோற்ற கதை புகையில்லா அடுப்பு. தோற்றது என்று சொல்லவே மனசு வரவில்லை, அத்தனை நல்ல நோக்கம் அது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற எஞ்சினியர் மண்ணால் கட்டி, புகைபோக்கி வைத்த அடுப்பை உண்டாக்கினார். 1953-இல் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் வெளியிட்டார். 1980-களில் மத்திய சர்க்கார் நாடு முழுக்கத் திட்டம் போட்டுக் கிராமம் கிராமமாக மேம்படுத்தப்பட்ட அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது. 2002-இல் அந்தத் திட்டம் நின்றது. ஏன்? பல வீடுகளில் புகைபோக்கியில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய ஆள் இல்லை. அடுப்பின் வாய் ஓர் அளவு, வீட்டு விறகு வேறு அளவு. மண் வெடித்தால் பூசித் தருவதற்கு, கட்டிக் கொடுத்தவர் திரும்பி வரவில்லை. அப்புறம் என்ன, பக்கத்திலேயே பழைய மூன்று கல்லை வைத்து மறுபடியும் ஊதுகுழலை எடுத்துவிட்டார்கள். ஆக, நான்காவது கேள்வி: பழுதானால் பார்க்க நம் பக்கத்தில் ஆள் உண்டா?

அடுப்புப் புகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, வறட்டிப் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் அம்மா இருமினால் வெங்காயம் நெடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது நுரையீரல் கெட்டுப்போகும் சத்தம். அதனால்தான் காஸ் அடுப்பை ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 2007-இல் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசக் காஸ் அடுப்புக் கொடுக்க ஆரம்பித்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அடுப்பு வந்தும், சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் பல வீடுகளில் விறகும் தொடர்ந்தது. மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. எரிவாயுவும் கிடைக்கும், வெளிவரும் சாணக் கரைசல் வயலுக்கு நல்ல எருவும் ஆகும்.

இதற்கு நடுவே 2011-இல் இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாட்டு அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பணக்கார வீட்டுக் கிரைண்டர் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தது. அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நான்காவது கேள்வியை இங்கேயும் கேளுங்கள். பெல்ட் அறுந்து, அதை மாற்ற யோசிக்காமல் அப்படியே பரணில் ஏற்றிய கிரைண்டர் எத்தனை? பம்புசெட் பழுதானால் ராவோடு ராவாக மெக்கானிக்கைக் கூட்டி வருகிறோம். கிரைண்டர் பழுதானால் "அடுத்த மாசம் பாப்போம்" என்கிறோம். இது நியாயமா?

இந்த நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைப் பாருங்கள்.

கிரைண்டர், மிக்சி, குக்கர், புகையில்லாத ஓர் அடுப்பு: நாலு கேள்விக்கும் தேறுகின்றன. இவற்றைக் கடன் இல்லாமல் ஒவ்வொன்றாக வாங்கலாம். முதலில் அடுப்பு, அப்புறம் குக்கர், பிறகு கிரைண்டர், கடைசியில் மிக்சி என்பது என் வரிசை. உடம்புக்குக் கெடுதலை எது அதிகம் குறைக்கிறதோ அது முன்னால்.

அரிவாள்மனை, தேங்காய் துருவி, இடியாப்ப உழக்கு, இட்லிக் கொப்பரை: இவற்றுக்குக் கரண்டும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். பாட்டி வைத்திருந்தது பேத்திக்கும் உதவும். ஆனால் துருவிப் பல் மழுங்கினால் தீட்டிக் கொடுங்கள். மழுங்கிய பல்லோடு தேங்காய் துருவச் சொல்வது, மழுங்கிய அரிவாளோடு அறுப்புக்கு அனுப்புவது போல.

பிரிஜ் நல்லதுதான். மாவும் பாலும் கெடாது. ஆனால் கரண்டு நின்று நின்று வருகிற இடமானால் யோசித்து வாங்குங்கள். சப்பாத்தி போடும் கரண்டுக் கருவி, காய் நறுக்கும் எந்திரம், சாறு பிழியும் எந்திரம், ரொட்டி வாட்டும் பெட்டி: இவை வாரத்துக்கு எத்தனை நாள் என்ற முதல் கேள்வியிலேயே பல வீடுகளில் விழுந்துவிடும். நானே ஒரு தடவை தவணையில் சப்பாத்திக் கருவி வாங்கினேன். நம் வீட்டில் சப்பாத்தி மாதத்துக்கு இரண்டு நாள். மூன்றாம் மாதம் அது பரணுக்குப் போனது. தவணை மட்டும் இறங்காமல் ஒரு வருடம் நின்றது. அந்தக் காசில் வீட்டில் கேட்டது என்ன தெரியுமா? அடுப்படிக்கு ஒரு ஜன்னலும், நின்று சமைக்க ஒரு மேடையும். சாமான் வாங்குகிறேன் என்று அவர்களைக் கேட்காமலே வாங்கியது என் தப்பு.

ஆகவே எல்லாக் கேள்விக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: "ஏம்மா, உனக்கு எது வேணும்?" வயலுக்கு விதை வாங்கும்போது மண்ணைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அடுப்படிக்குச் சாமான் வாங்கும்போது அங்கே நிற்கிறவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெள்ளாமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே, இதோ சொல்கிறேன். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு: இதில் பாதிக்கு மேல் பெண்கள் கைதான். ராத்திரி ஆட்டுரல், விடிந்தால் புகை, பகலில் சேறு என்று ஒரே உடம்பு மூன்று வேலை பார்த்தால் எத்தனை நாள் தாங்கும்? கிரைண்டர் மிச்சப்படுத்துகிற அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு வேலைக்கு நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அது அவர்கள் தூங்குவதற்கு, பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பதற்கு, சும்மா இருப்பதற்கு.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். பழுதாகிக் கிடக்கிற கிரைண்டரோ மிக்சியோ இருந்தால் கீழே இறக்குங்கள். நாளைக்கே மேலூருக்கோ மதுரைக்கோ போகும்போது பெல்ட் மாற்றிக் கொண்டு வந்து கொடுங்கள். புதிய சாமான் வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.